புள்ளிக் கணக்கு

எங்கள் கோயில் கணக்கில்
கல்யாணமானவன் ஒரு புள்ளி.
சோலையப்பன், உண்ணாமலை: ஒன்று.
பத்து வருஷமாய் அந்த ஒன்றுக்கு வரி கட்டுகிறேன்.

மதுரையில் படம் எடுத்தபோது
மூளைக்கு அடியில், மூக்குக்குப் பின்னால்
இன்னொரு புள்ளி.
இருபத்தொரு மில்லிமீட்டர்.
நாவல்பழக் கொட்டை அளவு என்றார்கள்.
எத்தனை வருஷமாய் உள்ளே உட்கார்ந்து
அது வசூலித்துக்கொண்டிருந்ததோ.

முதலில் தாடி.
வாரத்துக்கு ஒருதரம் மழித்தால் போதும் என்றானது.
பிளேடு மிச்சம் என்று நினைத்தேன்.
பிறகு அவள் பக்கம் திரும்பத் தோன்றாத இரவுகள்.
பெயிண்ட் கடை அசதி என்றேன்.
சரி என்றாள்.
அந்தச் சரியை நான் திறந்து பார்க்கவில்லை.

நாலு வருஷம் அவளைத்தான் சோதித்தார்கள்.
குழாயில் மருந்து ஏற்றி, ஊசி குத்தி,
சஷ்டிக்குப் பட்டினி போட்டு.
பள்ளத்தூர் கல்யாணத்தில்
ஆலத்தித் தட்டு அவளைத் தாண்டிப் போனது.
பந்தியிலிருந்து பார்த்தேன்.
இரண்டாம் தரம் சாம்பார் வாங்கிக்கொண்டேன்.

அஞ்சு விளக்கில் ஒருநாள்
ஹாரன் கேட்டது, வண்டி இல்லை.
பின்னால் இருந்தவள் சட்டையைப் பிடித்து இழுக்க
இருவரும் தார்ச்சாலையில் கிடந்தோம்.
மினி லாரி இடப்பக்கமாய் உரசிப் போயிருக்கிறது.
முழங்கைச் சிராய்ப்புக்குப் போன இடத்தில்
கண்ணைப் பார்த்தார்கள். கண்ணிலிருந்து தலைக்கு.
"எதிரே இருப்பது தெரியும், உங்களுக்கு.
கூட வருவது தெரியாது."
டாக்டர் பார்வையைப் பற்றித்தான் சொன்னார்.

புரோலாக்டின் தொள்ளாயிரம்.
ஆணுக்குப் பதினைந்தைத் தாண்டக் கூடாதாம்.
பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற வைப்பது அது.
பனியனில் காசளவு ஈரம் கண்டு
வியர்வை என்று யாருக்கும் காட்டாமல்
நானே துவைத்துப் போட்ட நாள் ஞாபகம் வந்தது.
அப்பச்சி என்று கூப்பிட ஆளில்லாத வீட்டில்
எனக்குப் பால்.

செக்காலையில் ஒரு லேப்.
பின்னறை, ஒரு டப்பா, உள்தாழ்ப்பாள்.
சுவரில் முருகன் காலண்டர்.
திருப்பி மாட்டினேன்.
மில்லிக்கு எட்டு லட்சம் என்று எழுதித் தந்தார்கள்.
கடைக்காரனுக்கு எட்டு லட்சம் பெரிய தொகை.
இதில் ஒன்றரைக் கோடி வேண்டுமாம்.

ஆத்தா கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்:
"ஒன் குறைன்னு வெளியில சொல்லாத.
தேவகோட்டைப் பங்காளி வீட்டில் மூணும் பையன்,
ஒண்ணைப் பிள்ளை கூட்டிக்கலாம்."
வேண்டாம் என்று சொல்லவில்லை.
கதவை மட்டும் திறந்தேன்.

உண்ணாமலை அழவில்லை.
தன் நாலு வருஷக் காகிதங்களை எடுத்தாள்.
என் அறிக்கையை மேலே வைத்து
பஞ்ச் போட்டுக் கோத்தாள்.
"இனிமே ஒரே ஃபைல்."

திங்கள் அரை மாத்திரை, வியாழன் அரை.
ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு.
குமட்டும். எழுந்தால் தரை சரியும்.
ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம், காத்திருப்போம்,
குழந்தை பற்றி உத்தரவாதம் தர முடியாது என்கிறார் டாக்டர்.
நானும் சுவர்ப் பெயிண்டுக்கு
ஏழு வருஷ உத்தரவாதம் சொல்லி விற்பவன்தான்.
மழை எந்தப் பக்கம் அடிக்கும் என்று யாருக்குத் தெரியும்.

ஏழாம் மாதம்
பிளேடு செலவு கூடிவிட்டது என்று
சிரிக்காமல் கணக்கெழுதினாள்.
அன்று இரவு திரும்பிப் படுத்தேன், அவள் பக்கம்.
இன்னும் அறுபது லட்சத்தில்தான் நிற்கிறது.

நேற்று மறுபடி பார்வைச் சோதனை.
ஒரு கண்ணைக் கட்டி
வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகம்.
வெளிச்சப் புள்ளி தெரிந்தால்
பொத்தானை அழுத்த வேண்டும்.
நடுவில் ஒன்று. அழுத்தினேன்.
ஓரத்தில், போன தரம் இருட்டாய் இருந்த ஓரத்தில்,
ஒன்று. பிறகு ஒன்று.

தாளைப் பார்த்து அந்தப் பெண் சொன்னாள்:
"நல்லா வந்திருக்கு சார்.
ஆனா நாலு தடவை
புள்ளியே வராம அழுத்தியிருக்கீங்க."

உண்ணாமலை வலப்பக்கம் நின்றிருந்தாள்.
திரும்பாமலே தெரிந்தாள்.